சோழகத்தில் வா, வாடையில் வேண்டாம்

பருத்தித்துறை
வைகாசிக் கடைசி

என்ர அன்புச் சிநேகிதிக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பின குரல்பதிவைக் குசினியில் வைத்துத்தான் கேட்டேன். கை முழுக்க மா. போனைக் காதுக்குக் கொண்டுபோக வழியில்லை என்று சத்தமாய்ப் போட்டுவிட்டேன். விறாந்தையில் சின்னமாமி இருந்தா. மிச்சத்தை நீயே யோசித்துக்கொள். அடுத்த நாள் விடியக் காலமை ஓடக்கரையில் தோசை வாங்கப் போனால், தோசை சுடுகிற அக்கா கேட்கிறா: "சிட்னியிலையிருந்து வாற பிள்ளை கடலுக்கை பலகையிலை ஏறி நிக்கப்போகுதாம், மெய்யே?" உன்ர மகள் இன்னும் பெட்டியே அடுக்கவில்லை. அதுக்குள் ஊரில் அவளுக்குப் பெயர் வந்துவிட்டது.

சின்னமாமிக்குப் பிள்ளை தாண்டுபோகும் என்ற கவலை கிடையாது. வெயில்தான் கவலை. "இருக்கிற நிறமும் போயிடும், பிறகு ஆர் கட்டுறது" என்றா. பதினாலு வயதுப் பிள்ளைக்கு! அவவின் மருமகன் சுவிஸிலிருந்து வந்து கரையோரமாய் அறைகள் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று முதலே எழுதினேன்தானே, அந்த மனுசனின் யோசனை வேறு. சேர்ஃபிங் என்ற சொல் காதில் விழுந்த நேரம் தொடக்கம் பெயர்ப்பலகையில் அதையும் எழுதிவிட்டால் என்ன என்று திரிகிறார். வாசலுக்கு நேரே கல்லுப்பார் இருக்கிறதாம். பார் மறைப்பதால் பாதுகாப்பாம். புதிதாய்ப் பழகுகிற ஆக்களுக்கு இதைவிடத் திறமான இடம் இல்லையாம். "எல்லாம் சரி, அலை எங்கை?" என்று கேட்டேன். அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். கடல் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. "சீசனுக்கு வரும்" என்றார்.

அந்தச் சீசனை நம்பி நீ டிக்கெட் எடுத்துவிடாதே. அதுக்காகத்தான் குரல்பதிவுக்குக் குரல்பதிவு அனுப்பாமல் இருந்து எழுதுகிறேன்.

நீயும் நானும் இந்தக் கரையில்தான் பிறந்தோம், ஆனால் கடலை யார் எங்களுக்குக் காட்டினது? மெதடிஸில் படித்த காலத்தில் கடற்கரை வீதியால் போகவே வீட்டில் விடமாட்டினம். நேவி, ஷெல், தடை, பாஸ். மீன்பிடிக்கிற ஆக்களுக்கே நேரம் குறித்துத்தான் கடல். மயிலிட்டித் துறைமுகத்தை விட்டுச் சனம் 1990இல் வெளிக்கிட்டது. சனம் திரும்பக் கால்வைத்தது 2017 ஜூலையில். ஒரு தலைமுறை முழுக்க நீந்தத் தெரியாமல் வளர்ந்து, சிட்னிக்கும் ரொறன்ரோவுக்கும் போய், அங்கே பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குச் சேர்த்தது. இப்ப அந்தப் பிள்ளைகள் வந்து எங்களிடம் அலையைக் கேட்கினம். இத்தனைக்கும் 1954இல் வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரைக்கு நீந்தின நவரத்தினசாமி பக்கத்துத் தொண்டைமானாற்றார். பாக்கு நீரிணையைப் போக வர நீந்தின ஆனந்தன் வல்வெட்டித்துறையார்.

சரி, அலைக்கு வருகிறேன். பலகைக்காரர் தேடுகிற அலை இந்தப் பக்கத்தில் பிறக்கிறதே இல்லை. பூமத்திய ரேகைக்குக் கீழே, நாற்பது பாகைக்கும் தெற்கே, வருஷம் முழுக்கப் புயலடிக்கிற தென்சமுத்திரத்தில் அது பிறக்கிறது. அங்கே காற்றுக் கிளப்பிவிட்ட அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வந்து, வருகிற வழியில் சின்னச் சின்ன நெளிவெல்லாம் உதிர்ந்து, ஒழுங்காய் வரிசை பிடித்து, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 12, 14 செக்கன் விட்டு வந்து சேரும். அந்த இடைவெளிதான் முக்கியம். 14 செக்கன் அலை ஒன்றின் நீளம் ஆழ்கடலில் 300 மீற்றர் வரும், 150 மீற்றர் ஆழத்திலேயே அதுக்கு அடி தட்டத் தொடங்கிவிடும். வெலிகம, ஹிக்கடுவ, மற்றப் பக்கம் பொத்துவில் எல்லாம் அந்த அலைக்கு நேர் வாசல். எங்களுக்கு? தெற்கே முழு இலங்கையும் குறுக்கே கிடக்கிறது. தென்மேற்கே இராமர் அணை. அணைக்கு இந்தப் பக்கம் பாக்குக் குடா, அதுவும் கனக்க இடங்களில் 10, 12 மீற்றர் ஆழம்தான். தப்பித்தவறி உள்ளே ஒன்று வந்தாலும் அடியில் உரசி உரசியே செத்துப்போகும்.

2024 மே மாதம் கன்னியாகுமரிப் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனதே, நீயும் செய்தி பார்த்து அழுதாய். அன்றைக்கு அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. தெற்கேயிருந்து வந்த அலை. கேரளத்தில் கள்ளக்கடல் என்பினம். அந்தக் கள்ளன் எங்கட வடகரைக்கு வரப் பாதை இல்லை. நல்ல அலையும் அதே பாதையால்தான் வரவேணும், ஆனபடியால் அதுவும் இல்லை.

எங்கட கடல் காற்றுக் கடல், அடி. காற்று என்ன சொல்லுதோ அதைத்தான் செய்யும்.

நீ யோசிக்கிற ஜூலை விடுமுறை சோழகக் காலம். மேயில் பிடித்துச் செப்டெம்பர் மட்டும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். சாதாரணக் காற்று இல்லை. உடுப்புக் காயப்போட்டால் கவ்வியோடு பறக்கும், பனை எல்லாம் ஒரே பக்கம் சரிந்து நிற்கும், மழை என்பது மருந்துக்கும் இல்லை. ஆனால் பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் வடக்கே பார்த்த கரை. காற்று தரைக்கு மேலால் வந்து எங்கட முதுகைத் தள்ளிக் கடலுக்குப் போகிறது. ஆனபடியால் கரையை ஒட்டி அலை எழும்பவே எழும்பாது. பாருக்கு உள்ளே தண்ணீர் குளம். காலமையில் கல்லும் சாதாளையும் குஞ்சுமீனும் கண்ணாடி மாதிரித் தெரியும். கடலுக்குப் போகிற சித்தப்பா அப்ப சிரித்த முகமாய் இருப்பார். மார்கழியில் அவரோடு கதைக்க ஏலாது.

அந்தப் பார் என்ன என்றும் கொஞ்சம் சொல்லவேணும், சுவிஸ் மனுசன் விளம்பரம் போட்டால் நீ ஏமாறக்கூடாது. எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல் கரையிலிருந்து கடலுக்குள்ளும் தட்டாய் நீண்டு, அதில் முருகைக்கல் வளர்ந்து, விளிம்பில் சுவர் மாதிரி நிற்கிறது. இஞ்சை வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆனால் தண்ணீரே முழங்கால் மட்டத்துக்கு நிற்கிற இடத்தில் அரை மீற்றர் குறைந்தால் என்ன மிஞ்சும்? பூரணைக்கும் அமாவாசைக்கும் வற்று நேரத்தில் கல்லு வெளியே பல்லைக் காட்டும். வள்ளங்கள் போய்வரப் பாரில் அங்கங்கே வெட்டி விட்டிருக்கிற வழியை வான் என்று சொல்லுகிறது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வானை மறந்துவிடாதே, பிறகு வருகிறேன்.

உன்ர பிள்ளைக்கு இஞ்சை ஜூலையில் என்ன செய்யலாம்? நின்றுகொண்டு துடுப்பு வலிக்கிற பெரிய பலகை ஒன்று இருந்தால் விடியக் காலமை பாருக்கு உள்ளே வடிவாய்ப் போய்வரலாம். பலகையில் எழும்பி நிற்கவும் சமநிலை பிடிக்கவும் பழகலாம். மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு குப்புறக் கிடந்து மீன் பார்க்கலாம். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான், உன்ர சின்னவனையும் பயமில்லாமல் விடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு சோழகம் உரத்தால், காற்றடித்த பலகை கரைக்கு வராது, நடுக்கடலுக்குப் போகும். கரை அமைதியாய் இருக்கிறதைப் பார்த்து ஏமாந்து, மிதக்கிற மெத்தையில் ஏறிப் படுக்கிற வேலை எல்லாம் வேண்டாம் என்று இப்பவே சொல்லிவை.

இனி அந்த 'சீசன்'. ஒக்டோபரில் காற்று மாறும். நவம்பரிலிருந்து வாடை. வடகிழக்கிலிருந்து, வங்காள விரிகுடா முழுவதையும் உழுதுகொண்டு நேரே எங்கட முகத்துக்கு. அப்ப அலை வரும், ஓம். பாரின் விளிம்பில் வெள்ளையாய் உடையும். படம் எடுத்துப் போட்டால் ஹவாய் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது 5, 6 செக்கனுக்கு ஒருக்கால் வருகிற, குட்டையான, செங்குத்தான, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுகிற அலை. பழகுகிற பிள்ளை ஒன்றிலிருந்து விழுந்து மூச்சு எடுக்கமுதல் அடுத்தது தலையில் விழும். விழுகிற இடமும் மணல் இல்லை, முருகைக்கல்.

அதைவிட மோசம் வான். யோசித்துப் பார்: அலை உடைந்து உடைந்து பாருக்கு மேலால் தண்ணீரை உள்ளே கொட்டுகிறது. கொட்டின தண்ணீர் வெளியேற வேணுமே, எந்த வழியால் போகும்? வள்ளத்துக்கு வெட்டின அதே வழியால். வான் ஆழமாய் இருப்பதால் அங்கே அலை உடையாது. கரையில் நின்று பார்க்கிற புது ஆளுக்கு முழுக் கடலிலும் அமைதியான துண்டு அதுதான் என்று தோன்றும். அதிலேதான் கால் வைப்பினம். அது நேரே வெளியே இழுத்துக்கொண்டு போகும். சித்தப்பா இதைச் சொல்லிச் சின்னமாமியின் மருமகனை வாடைக் காலத்தில் ஒருநாள் கரையில் நிறுத்தி வைத்துக் காட்டினவர். மனுசன் தலையாட்டினார். பெயர்ப்பலகைக் கதை மட்டும் நிற்கவில்லை.

உங்கட பெரிய விடுமுறை டிசெம்பரில் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம்தான் விரிகுடாவில் தாழமுக்கங்கள் வரிசையாய் நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்து யாழ்ப்பாணத்தையே வெள்ளத்தில் விட்டது. 2020 டிசெம்பரில் புரெவி. 2025 நவம்பரில் தித்வா நாட்டுக்குச் செய்ததை இன்னும் கதைத்து முடியவில்லை. பழைய ஆக்களைக் கேட்டால் 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை விழுங்கின புயலைப் பற்றித் தாங்கள் நேரே கண்டமாதிரிச் சொல்லுவினம். மார்கழியில் வந்தால் வந்து எங்களோடு இருந்து ஒடியல் கூழ் குடி. பிள்ளையைக் கடலுக்கு இறக்காதே.

தையில் நின்றால் ஒன்றைப் பார்க்கலாம். அதே வாடைக் காற்றை எங்கட சனம் எப்படிப் பாவிக்கினம் என்று. பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி. உன்ர மகளுக்குச் சொல்லு, 2021 டிசெம்பரில் இணையம் முழுக்க ஓடின அந்த வீடியோ, பட்டக்கயிற்றில் தொங்கிக்கொண்டு பனை உயரத்துக்குப் போன பெடியன், அவன் பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியன்தான். மற்றவை கயிற்றை விட்டிட்டினம், அவன் விடவில்லை. கீழே விழுந்தும் உயிர் தப்பினான். சின்னமாமி சொன்னா, "கலியாணம் பேச நல்ல பெடியன், பிடிச்சதை விடமாட்டான்" என்று. எல்லாம் கலியாணத்தில் போய்த்தான் முடியும் அவவுக்கு. ஆனால் எனக்கு அந்த வீடியோ பார்க்கும்போது தோன்றினது வேறு. ஒரு ஆளைத் தூக்குகிற காற்று இருக்கிற ஊரில் அலையைத் தேடிக்கொண்டிருக்கிறோமே. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது பாய் விரித்துத்தானே. பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் ஓடுகிற விளையாட்டுக்குக் கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் வெள்ளைக்காரர் வருகினம். சுவிஸ் மனுசனுக்கு மூளை இருந்தால் பெயர்ப்பலகையில் அதை எழுதட்டும். நான் சொன்னேன். "அதுக்குச் செலவு கூட" என்றார்.

கிழக்குக் கரையைப் பற்றியும் கேட்டிருந்தாய். மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி. அங்கே பார் இல்லை, மணல், திறந்த கடல், எங்களைவிட அலை கூட. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கரை சடாரென்று ஆழமாகும், அலை காலடியிலேயே மடிந்து விழும், கரையோரமாய் ஓட்டம் இழுக்கும், கூப்பிட்டால் கேட்க ஆளும் இல்லை. வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் புரட்டாசியில் அத்தனை சனம் மணலைத் தாண்டிப் போய் இறங்குது, அதுகூடக் கைகோத்து முழங்கால் அளவில்தான். 2004 சுனாமியில் அந்தக் கரை பட்டது உனக்குத் தெரியும். உடுத்துறை நினைவாலயத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவோம். மணற்காட்டில் மணல் மூடின பழைய அந்தோனியார் கோவிலையும் பார்க்கட்டும். பலகை வேண்டாம்.

பலகைக்கு உல்லை. அறுகம் குடா என்றால்தான் அவளுக்கு விளங்கும், சிட்னிப் பெடி பெட்டையளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நீ இஞ்சை தேடின அத்தனையும், பார், மறைப்பு, மெல்லிய அலை, எல்லாம் அங்கே ஒரே குடாவுக்குள் இருக்கிறது. தெற்கு முனையில் மெயின் பொயின்ற், அங்கே தென்சமுத்திரத்து அலை நேரே பாரில் மோதி வலப்பக்கமாய் நீளத்துக்கு உரிந்துகொண்டு ஓடும். அது தெரிந்த ஆக்களின் இடம், உன்ர மகள் கரையில் நின்று வாய் பார்க்கட்டும். அதே அலை முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் திரும்பும்போது பலமெல்லாம் வடிந்துவிடும். அப்படி வடிந்து வருகிற இடம்தான் பேபி பொயின்ற். வெளியே ஆள் உயரம் என்றால் உள்ளே இடுப்பளவு, வெளியே இடுப்பளவு என்றால் உள்ளே முழங்கால். அடியில் கல்லும் மணலும் கலந்து கிடக்கும். கல்லு ஒரே இடத்தில் இருப்பதால் அலையும் ஒரே இடத்தில்தான் உடையும், மணல் கரைமாதிரி இன்றைக்கு இஞ்சை நாளைக்கு அங்கை என்று அலையாது. பழகுகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி. நேற்று நின்ற இடத்திலேயே இன்றைக்கும் நிற்கலாம்.

ஏப்ரல் கடைசி தொடக்கம் ஒக்டோபர் மட்டும் அங்கே காலம். ஜூலை, ஓகஸ்டில் அலையும் உச்சம், சனமும் உச்சம். பேபி பொயின்றில் பலகைக்குப் பலகை இடிபடும். பழகுகிற ஆக்கள் எல்லாம் ஒரே இடத்தில் என்றால் வேறு எப்படி? அதனால் வெளிச்சம் வந்தவுடன் இறங்கவேணும். விடியலில் காற்று தரையிலிருந்து கடலுக்கு, அலையின் முகம் வழுவழுப்பாய் நிற்கும். பத்து, பதினொரு மணிக்குக் கடல்காற்று எழும்பினால் முகம் சுருங்கிக் குழம்பிவிடும். அந்த நேரம் வந்து சாப்பிட்டுப் படுக்கலாம். மழைக்குப் பயம் இல்லை. தென்மேற்குப் பருவம் மலையின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறும் காய்ந்த காற்றாய்த்தான் வரும். தண்ணீர் 28 பாகை மட்டில் இருக்கும். சிட்னியில் ஜூலையில் போடுகிற தடித்த றப்பர் உடுப்பை இஞ்சை போட்டால் பிள்ளை அவிந்துபோகும். மெல்லிய நீட்டுக்கைச் சட்டை போதும், சின்னமாமிக்கும் சந்தோசம்.

தூரம்தான் கரைச்சல். பருத்தித்துறையிலிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்புப் போய், கல்முனை, அக்கரைப்பற்றுத் தாண்டி. நீ மூக்கைச் சுளிக்கிறது எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பாதை புதிதில்லை, பார். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வருஷா வருஷம் பாதயாத்திரை போகிற சனம் கால்நடையாய் இதே உல்லையைக் கடந்து, பாணமை, ஒகந்தை என்று காட்டுக்குள் இறங்குகினம். ஒகந்தை முருகன் கோவில் கடலடியிலும் இப்ப பலகைக்காரர் நிற்கினம். ஜூலையில் நாங்கள் போனால் ஒரு பக்கம் வேலோடு அடியார்கள், மற்றப் பக்கம் பலகையோடு வெள்ளைக்காரர், இரண்டு பகுதியும் ஒரே தேத்தண்ணிக் கடையில். எங்கட பெரியப்பாவின் மூத்தவ இந்த முறை நடக்கிறா. எழுபது வயது. வழியில் பிடித்துக்கொள்ளலாம்.

உல்லையில் பெண் பிள்ளைகளுக்கென்றே 2018இல் ஒரு சேர்ஃபிங் கழகம் தொடங்கினவை, நாட்டிலேயே முதலாவது. அந்த ஊர்ப் பெண்களுக்கு வீட்டுக்குள்ளும் வெளியிலும் எவ்வளவு கதை கேட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, உனக்கும் ஒரு சின்னமாமி இருந்தா. உன்ர பிள்ளைக்குப் படிப்பிக்க ஒரு பெண்ணைத் தேடிப் பிடிப்போம். நுரைப்பலகை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பலாலிக்குச் சென்னையிலிருந்து வருகிறது சின்ன விமானம், பலகையைக் கட்டிச் சுமந்துகொண்டு வராதே.

சென்னை என்றவுடன் நினைவு வருது. நீ அங்கே இறங்கித்தானே மாறப்போகிறாய்? இரண்டு நாள் நிற்க முடிந்தால் கோவளத்துக்குப் போ, சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகிற வழி. மீனவப் பெடியன் மூர்த்தி மேகவன், தானாய்ப் பழகி, 2012இல் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பள்ளி தொடங்கின இடம் அது. 2025 ஓகஸ்டில் ஆசிய சேர்ஃபிங் போட்டியையே மாமல்லபுரத்தில் வைத்தவை. ரமேஷ் புதிஹால் வெண்கலம் எடுத்தார், தனிப் போட்டியில் இந்தியருக்கு அதுதான் முதல் பதக்கம். எனக்கு அதில் பிடித்தது பதக்கம் இல்லை. கடல்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை கடலில் விளையாடலாம் என்று கோவளம் மாதிரி ஒரு ஊர் ஒத்துக்கொண்டதே, அதுதான். எங்கட கரையில் கடல் இன்னும் ஒன்றில் தொழில், இல்லாவிட்டால் பயம்.

அலைப் புள்ளிவிவரத்தை மகள் போனில் பார்ப்பாள். உயரத்தை மட்டும் பார்க்கவேண்டாம் என்று சொல்லு. உயரம், செக்கன், காற்றின் திசை, மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேணும். ஒரு மீற்றர், 13 செக்கன் என்றால் உல்லை மெயின் பொயின்றில் பெடியள் கத்துவினம், பேபி பொயின்றில் அவளுக்குக் கொண்டாட்டம். ஒரு மீற்றர், 5 செக்கன் என்றால் அது எங்கட வாடைக் குழப்பம், போனை மூடிவிட்டுப் படுக்கலாம். எங்களுக்கு வளிமண்டலவியல் திணைக்களம் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக என்று தொடங்கிக் கடற்பரப்புக்குச் சொல்லும், காற்று மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று. அதுக்கு மேலே யாழ் பல்கலைக்கழகத்துப் பிரதீபராஜா முகநூலில் எழுதுவார். அவர் எழுதி அரை மணித்தியாலத்தில் நெல்லியடிச் சந்தையில் மீன் வாங்க வந்த ஒவ்வொருவரும் வானிலை நிபுணர். சித்தப்பா இரண்டையும் கேட்பார், கேட்டுவிட்டு முற்றத்தில் இறங்கி வடக்கே பார்த்து மூக்கை உயர்த்துவார். பிறகுதான் வலை ஏறும்.

சாமான்கள்: கல்லில் கீறினால் உடனே நல்ல தண்ணியில் கழுவி மருந்து போடவேணும், முருகைக்கல் காயம் லேசில் ஆறாது, சீழ் பிடிக்கும். அதுக்கு மருந்து கொண்டு வா. சொறிமுட்டை பட்டால் கையால் தேய்க்க விடாதே. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடக்கப் பழக்கு.

மற்றக் கதைகள் வந்தபிறகு. மெதடிஸ் ரீச்சர் ஒருவ இந்த வயதில் கலியாணம் கட்டப்போகிறா, ஆர் என்று எழுதமாட்டேன், உன்ர வட்ஸ்அப்பை நான் நம்பவில்லை. டிக்கெட் எடுத்த உடன் திகதியைச் சொல்லு, ஜூலையில் உல்லையில் அறை கிடைக்க முன்னமே சொல்லிவைக்க வேணும். கல்லில் நடக்கிற றப்பர் சப்பாத்து இஞ்சை நல்லதாய்க் கிடைக்கவில்லை. மகளுக்கு வாங்கும்போது எனக்கும் ஒரு சோடி வாங்கு. என்ர கால் ஏழாம் நம்பர். சின்னமாமிக்குச் சொல்லாதே.

உன்ர,
பழைய வாங்குச் சிநேகிதி